முள்ளுக்கு வெள்ளை அடித்தேன்

போன வெள்ளிக்கிழமை உங்கள் பட்டறைப் பக்கம் வந்திருந்தேன். ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, டெம்பரேச்சர் மீட்டர் மறுபடியும் சரியாக இல்லை என்றார். மூன்றாவது தடவையாம். அவர் வெளியே போனதும் உங்களில் ஒருவர் ஸ்பேனரை மேஜைமேல் போட்டுவிட்டு, "இந்த ஆளுக்கு வேற வேலையே இல்ல" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பெயர் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை. கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில், இதே மீட்டர் விஷயத்தில், இதே வார்த்தையை நானும் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. பிரெஞ்சுக்காரர் ஆட்சி. ஊரில் கார்கள் குறைவு. தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து இது யார் வண்டி என்று சொல்லிவிடுவோம். நான் வேலை பார்த்த கராஜ் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது. அங்கே வாடிக்கையாக வரும் வண்டிகளில் மதாம் ரோசாலியின் வண்டியும் ஒன்று.

மதாம் ரோசாலி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. நம் ஊர் கிறிஸ்தவக் குடும்பம்தான், மரியாதைக்காக மதாம் என்போம். ஊருக்குள் மட்டுமல்ல, சுற்றுவட்டக் கிராமங்களில் எங்கே வலி கண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரோடு வேலை பார்த்த பிரெஞ்சு டாக்டர் ஒருவர் நாடு திரும்பும்போது தன் பழைய காரை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டி. அதை ஓட்டியவர் மதாமின் கணவர் சவரிமுத்து. சைகோனில் பட்டாளத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்று வந்தவர். அப்படி வந்தவர்களை ஊரில் 'சொல்தா' என்பார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முறுக்கிய மீசை, கஞ்சி போட்ட சட்டை. கராஜுக்குள் வந்தால் பெஞ்சில் உட்கார மாட்டார். வேலை முடியும்வரை வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

ஒருநாள் காலை வந்து சொன்னார்: "தம்பி ஏழுமல, இந்தச் சூடு காட்டுற முள்ளு அசைய மாட்டேங்குது. நேத்து வண்டி கொதிச்சி மூடி வழியா ஆவி வருது, முள்ளு கீழயே கெடக்கு."

அந்தக் காலத்து மீட்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு வட்டத் தகடு, அதில் கறுப்பு முள். பின்னாலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று எஞ்சினுக்குப் போகும். குழாயின் முனையில் விரல் நீளத்துக்கு ஒரு குமிழ். அது எஞ்சின் தண்ணீரில் மூழ்கி இருக்கும். தண்ணீர் சூடேறினால் முள் ஏறும். நூறுக்கு வந்தால் கொதிக்கிறது என்று அர்த்தம். குழாயில் ஓட்டை விழுந்துவிட்டால் முள் ஏறாமல் படுத்துவிடும்.

மீட்டரைக் குழாயும் குமிழுமாகக் கழற்றினேன். அடுப்பில் கெட்டிலை வைத்துத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது குமிழை உள்ளே விட்டேன். முள் ஒரே சீராக ஏறி நூறில் போய் நின்றது. குளிர்ந்த தண்ணீரில் போட்டேன், இறங்கியது. குறை எதுவும் இல்லை.

சவரிமுத்து என் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். "ஏறுச்சா தம்பி?" என்று கேட்டார்.

முள் அவர் கண்ணெதிரே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

குமிழைத் துடைத்து, இணைப்பை இறுக்கி, ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்ததைச் சரிசெய்து அனுப்பினேன். பத்து நாளில் அதே குறையோடு மறுபடி வந்தார். மறுபடி கெட்டில், மறுபடி நூறு. மூன்றாம் தடவை அவர் வண்டி வாசலில் நுழைந்தபோதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் காதில் விழுந்துவிட்டது.

வண்டியை நிறுத்தி இறங்கினார். முகம் மாறியிருந்தது, ஆனால் கோபப்படவில்லை. "தொந்தரவு குடுக்கறேன்னு தெரியுது தம்பி. பின்னால புள்ளத்தாச்சிங்க உக்காந்துனு வராங்க. நடு ரோட்ல நின்னுட்டா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "வாங்கண்ணே, நானும் கூட வரேன். ஓட்டியே பாத்துடலாம்" என்றேன்.

ஒரு யோசனை தோன்றியது. ரேடியேட்டரில் காற்றுப் படாதபடி முன்னால் ஒரு கோணிப்பையைக் கட்டினேன். அப்படிச் செய்தால் எஞ்சின் சீக்கிரம் சூடேறும், முள் எங்கே போகிறதென்று பார்க்கலாம். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். கதிர்காமம் போகும் வழியில் எழுபதைத் தாண்டியது. எண்பது. தொண்ணூறு.

"அண்ணே, முள்ளு எங்க இருக்கு?"

தலையைக் குனிந்து பார்த்தார். "அங்கயேதான் கெடக்கு. கீழதான்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "ஆனா வண்டி சூடாயிடுச்சி. வாசனை வருது பாரு" என்று சொல்லிவிட்டு ஓரமாக நிறுத்தினார்.

இறங்கிப் போய்க் கோணியை அவிழ்த்தேன். திரும்பி வந்தபோது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் எதையும் கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"முள்ளு ஏறி இருந்திச்சா?"

"தொண்ணூறுல இருக்குதுண்ணே."

ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போனது.

"ரோசாலிகிட்ட சொல்லிடாத தம்பி" என்றார். "நான் சைகோன்ல இருந்த பதினாலு வருசமும் அவ மழையிலயும் வெயில்லயும் மாட்டு வண்டில தனியாத்தான் போயிருக்கா. வழியில எத்தனையோ நடந்திருக்கும், என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. ஊருக்கு வந்த அன்னிக்கு, இனிமே உன்னத் தனியா விடமாட்டேன்னு அவகிட்ட சொன்னேன். அவ என்கூட உக்காந்து பேசறது இந்த வண்டில மட்டுந்தான். ஊட்டுக்கு வந்தா படுத்துத் தூங்கிடுவா."

இதைக் கேட்ட பிறகு நான் என்ன செய்திருக்க வேண்டும்? இப்போது எளிதாகச் சொல்லிவிடுவேன். அப்போது நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். வயதானால் எல்லாருக்கும் கிட்டப் பார்வை மங்கத்தான் செய்யும், சாளேசுவரம்தான், புத்தகம் படிக்கத்தான் கஷ்டம், ரோடு தெரிவதில் என்ன தடை என்று. "தூரத்துல நல்லா தெரியுதா?" என்று ஒரு கேள்வி கேட்டேன். "ஓ, நல்லா தெரியுது" என்று சட்டென்று சொன்னார். அதோடு விட்டுவிட்டேன். அதோ போகிற மாட்டுவண்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்க மனம் வரவில்லை. மீட்டரை இரண்டு தடவை வெந்நீரில் போட்டுச் சோதித்தேன். மனிதரை ஒரு தடவையும் சோதிக்கவில்லை.

கராஜுக்குத் திரும்பி மீட்டரின் கண்ணாடியைக் கழற்றினேன். கறுப்பு முள்ளுக்கு நல்ல வெள்ளைப் பெயின்ட் தடிப்பாக அடித்தேன். நூறுக்குப் பக்கத்தில் சிவப்பில் பெரிய பொட்டு வைத்தேன். காய்ந்ததும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகத்தை மீட்டர் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "தெரியுது தம்பி, தெரியுது!" என்று என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அன்று முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெரிய மனிதரின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். காலை ஏழு மணிக்கு ஓர் ஆள் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். மதாமின் கார் கோரிமேட்டில் நின்றுவிட்டது, உள்ளே பிரசவ வேதனையில் ஒரு பெண் இருக்கிறாள், உடனே வரச் சொன்னார்கள் என்றான். கையில் கிடைத்த சாமான்களை எடுத்துக்கொண்டு அவன் சைக்கிளிலேயே போனேன்.

பானெட் திறந்திருந்தது. ஃபேன் பெல்ட் அறுந்து தொங்கியது. சவரிமுத்து என்னைப் பார்த்ததும், "முள்ளு செவப்புக்குக் கிட்டப் போச்சு தம்பி. பாத்த உடனே நிறுத்திட்டேன். எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். பின் சீட்டில் அந்தப் பெண் தன் தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். முனகக்கூடத் தெம்பில்லை. முந்தின நாள் மாலையிலிருந்து வலி, குழந்தை திரும்பவில்லை என்று மதாம் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும் ஏழுமல. சீக்கிரம்."

கொண்டுபோன சாமான்களில் இருந்த ஒரு பெல்ட்டை மாட்டி, எஞ்சின் ஆறுவதற்குக் காத்திருந்து, மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றினேன். வண்டி கிளம்பியது. மறுபடி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நானும் முன்னால் ஏறிக்கொண்டேன்.

கோரிமேட்டிலிருந்து ஊருக்கு வரும்போது காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். எனக்கே கண் கூசியது. நான் கையை நெற்றியில் வைத்துக்கொண்டேன். எதிரே ரோட்டோரமாக ஏழெட்டுப் பெண்கள் தலையில் மீன்கூடையோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். குருசுக்குப்பத்துப் பெண்கள். கிராமங்களில் மீன் விற்கப் போகிறவர்கள். முன்னால் ஒரு குழி இருந்ததால் ரோட்டுப் பக்கம் நகர்ந்து வந்தார்கள். சவரிமுத்து வேகத்தைக் குறைப்பார் என்று நினைத்தேன். குறைக்கவில்லை. அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அமைதியாக, எதிரே ஒன்றுமே இல்லாத மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆளுங்க! ஆளுங்க!" என்று கத்திக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி, ரோட்டைவிட்டு இறங்கி, முன்சக்கரம் பள்ளத்தில் பதிய நின்றது. பின்னால் அந்தத் தாய் அலறினாள். வெளியே ஒரு கூடை கவிழ்ந்து ரோடெல்லாம் மீன்.

யாருக்கும் அடி படவில்லை.

கூடை கவிழ்ந்த பெண் ஜன்னலோரம் வந்து நின்றாள். "யோவ், கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கேட்டாள்.

தெருவில் தினமும் யாராவது யாரையாவது கேட்கிற கேள்விதான். மதாம் சவரிமுத்துவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த மீன்காரம்மா பின் சீட்டைப் பார்த்தாள். பார்த்த உடனே குரல் மாறிவிட்டது. "ஐயோ, வலி கண்டிருக்குது. ஏய், எல்லாரும் கூடைய எறக்குங்கடி, வந்து தள்ளுங்க" என்றாள். ஏழெட்டுப் பேரும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தோள் கொடுத்தார்கள்.

எனக்கு இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அவரிடம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "அண்ணே, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. நான் ஓட்டறேன்" என்றேன். மனைவிக்கு முன்னால் அதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் இறங்கி, கையால் வண்டியின் முகப்பைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். கையால் தடவிக்கொண்டே வந்தார் பாருங்கள், மதாம் அதையும் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெண்ணை உள்ளே எடுத்துப் போனார்கள். நானும் சவரிமுத்துவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒருமுறை, "அவங்க ரோட்ல வந்துனு இருந்தாங்களா?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றேன்.

பத்து மணிக்குமேல் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. தாயும் பிழைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மதாம் வெளியே வந்தார். கழுவிய கை ஈரம்கூடக் காயவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கு நீ ஏன் ஓட்டினே?"

நான் சவரிமுத்துவைப் பார்த்தேன். "சொல்லிடு தம்பி" என்றார்.

சொன்னேன். கெட்டில், கோணிப்பை, தொண்ணூறு, வெள்ளைப் பெயின்ட் எல்லாவற்றையும். கேட்டு முடித்துவிட்டு, "எத்தன நாளா தெரியும் உனக்கு?" என்றார்.

"மூணு வாரமா, மதாம்."

"மூணு வாரமா எத்தன பொம்பளைங்கள அந்த வண்டில ஏத்தினு வந்திருக்கேன் தெரியுமா? ஒவ்வொருத்திகிட்டயும் பயப்படாத, நான் கூட இருக்கேன்னு சொல்லி ஏத்தியிருக்கேன்." குரலை உயர்த்தவே இல்லை. "நீ நல்ல மனசுலதான் செஞ்சிருக்கே. ஆனா அந்த வண்டில ஏறறவ நான். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும் நீ."

எத்தனையோ முதலாளிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இந்த அளவுக்கு எனக்குள் இறங்கியதில்லை.

"அவன ஒண்ணும் சொல்லாத. நாந்தான் வாணாம்னு சொன்னேன்" என்றார் சவரிமுத்து.

மதாம் அவர் பக்கம் திரும்பினார். "என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ பழையபடி தனியாப் போவே."

மதாம் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். நோயாளிகளைப் பார்ப்பது போலவே கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ஒரு கண், பிறகு இன்னொரு கண். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"ரெண்டுலயும் புரை விழுந்திருக்கு. தினமும் இந்த மூஞ்சிய பாக்கறேன். எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

நான் எழுந்து வண்டிப் பக்கம் போய்விட்டேன். கால் மணி நேரம் கழித்து மதாம் என்னைக் கூப்பிட்டார். கண்ணைத் துடைத்திருந்தார். "ஏழுமல, எனக்கு ஓட்டக் கத்துக் குடு. இவர் பக்கத்துல உக்காந்துனு வரட்டும்" என்றார்.

அந்த நாளில் நம் ஊர்ப் பெண் ஒருவர் கார் ஓட்டுவது சின்ன விஷயமில்லை. கடற்கரைச் சாலையில் காலை வேளைகளில் கற்றுக்கொடுத்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். ஒருநாள் வண்டி நாலு தடவை துள்ளித் துள்ளி நின்றபோது சிரித்தார்கள். மதாம் அவர்களைப் பார்த்து, "உங்கள்ல பாதிப் பேர நாந்தாண்டா வெளிய எடுத்தேன்" என்றார். அதோடு சிரிப்பு நின்றது.

உண்மையில் கற்றுக்கொடுத்தது நான் இல்லை. சவரிமுத்துவின் காதுதான். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்பார். "இப்ப கிளட்ச்ச மிதி. மெதுவா. அவசரப்படாத, அது எங்கயும் ஓடிடாது. ஆங், இப்ப மாத்து." சில நாள் நான் பின்னால் உட்கார்ந்திருப்பதையே இருவரும் மறந்துவிடுவார்கள். இரண்டு மாதத்தில் மதாம் ஓட்டுவதற்கான பெர்மியை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அவர் ஓட்டுவார், சவரிமுத்து பக்கத்தில் இருப்பார்.

அந்தக் காலத்தில் புரை நன்றாக முற்றின பிறகுதான் அறுப்பார்கள். இரண்டு வருஷம் காத்திருந்தார்கள். அதற்குள் அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சியிருந்தன. ஒரு கண்ணில் அறுவை நடந்து, கட்டுப் பிரித்து, தடித்த கண்ணாடி வந்த அன்று வீட்டுக்கு அழைத்துப் போக நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

மதாம் வண்டியை எடுத்தார். சவரிமுத்து எப்போதும்போல் பக்கத்தில். நான் பின்னால். கண்ணாடி வழியே அவர் முதலில் தெருவைப் பார்ப்பார், கடலைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஓட்டுகிறவரையே பார்த்துக்கொண்டு வந்தார். வெகுநேரம் கழித்து, "உனக்கு எப்ப இவ்ளோ நரைச்சிது, ரோசாலி?" என்றார்.

மதாமுக்கு வெட்கம் வந்துவிட்டது. காதோரம் கலைந்திருந்த முடியை ஒரு கையால் ஒதுக்கினார். "நீங்க பாக்காதப்பதான். ரோட்டப் பாருங்க, கண் கட்டு பிரிச்ச அன்னிக்கே இன்னா பேச்சு" என்றார்.

"ரோட்ட நீ பாரு" என்றார் சவரிமுத்து.